டென்னிஸ் இரட்டையர் லீக் விதிகள்: மூன்றாவது ஜோடியும் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்

மெரிபேங்க் டீச்சர் | ஞாயிறு, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம்.

சீசன் முடிந்த கையோடு பேசியிருக்க வேண்டிய விஷயம். மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டேன். டர்பன் வட்டாரத்து ஆறு அணிகளிலிருந்தும் இங்கே ஆள் இருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அவசர அவசரமாக நாலு வரி போட்டு ஒருவரை ஒருவர் புண்படுத்திக்கொண்டது போதும். இங்கே நிதானமாகப் பேசி அடுத்த சீசன் விதிகளை முடித்துவிடுவோம்.

என்னை உறுத்துகிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பு எங்கள் அணியுடையது.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை டோங்காட் அணி எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. என்-2 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத தூரம். அவர்களுடைய மூன்றாவது ஜோடியில் ஒரு பெண் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து, சரியாகத் தூங்கக்கூட இல்லாமல் வந்திருந்தாள். எங்கள் பக்கம் ஆறு பேரில் நாலு பேர்தான் வந்தோம். விதி என்ன? முதல் ஜோடி முதல் ஜோடியோடு, இரண்டாவது இரண்டாவதோடு, மூன்றாவது மூன்றாவதோடு. எங்களுக்கு மூன்றாவது ஜோடி இல்லை, ஆகவே வாக்கோவர், அதாவது ஆடாமலே அவர்களுக்கு வெற்றி. ஸ்கோர் தாளில் 6-0, 6-0 என்று என் கையாலேயே எழுதினேன். ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டினாள் அந்தப் பெண். போகும்போது ராக்கெட் பையை அப்படியே தூக்கிக் காரில் வைத்தாள். பையின் ஜிப்பைத் திறக்கவே இல்லை. ஆட்டத்தில் ஜெயித்தது அவர்கள் அணிதான்.

அந்த ஜிப் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் நான் வைக்கிற முதல் திருத்தம் இது. ஒவ்வொரு ஜோடியும் எதிரணியின் ஒவ்வொரு ஜோடியோடும் ஆட வேண்டும். மூன்று ஜோடிக்கு மூன்று ஜோடி, மொத்தம் ஒன்பது ஆட்டம். ஒவ்வொன்றும் ஒரே செட், 6-6 வந்தால் டை-பிரேக். ஐந்து செட் எடுத்த அணிக்கு வெற்றி. ஒற்றைப்படை என்பதால் சமன் வராது. எதிரணியில் ஒரு ஜோடி வராமல் போனாலும் வந்தவர்களுக்கு இரண்டு செட்டாவது கிடைக்கும்.

இன்னொரு நோயும் இதில் தீரும். வலுவான ஜோடியை இரண்டாவது இடத்தில் ஒளித்துவைத்து, பலவீனமான ஜோடியை முதல் இடத்தில் பலி கொடுப்பதைப் போன சீசனில் கிட்டத்தட்ட எல்லோருமே செய்தோம். எல்லோரும் எல்லோரோடும் ஆடும்போது யாரை எங்கே ஒளித்து வைப்பது?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எந்த விதியைப் பேசினாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மூன்றாவது ஜோடிக்கு இது என்ன செய்யும்?


டோங்காட் அண்ணன் | ஞாயிறு, இரவு 9.25

டீச்சர், அது எங்க அணி. அந்தப் பொண்ணு அன்னிக்கு ஒரு வார்த்தை குறையா பேசல. வீட்டுக்குப் போற வழியில தூங்கிடுச்சு. நீங்க இவ்வளவு நாள் மனசுல வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சு எனக்கே கஷ்டமாப் போச்சு. எங்க பக்கமும் ஒரு தடவை ஆள் குறைஞ்சிருக்கு, நாங்களும் அதையேதான் செஞ்சோம்.

ஒன்பது செட்டுக்கு நான் முழு சம்மதம். ஆனா எங்க கோர்ட் ரெண்டுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்துல மூணாவது கோர்ட் மேல சேறு ஏறினது, இன்னும் சரியாகல. ரெண்டு கோர்ட்ல ஒன்பது செட்டுன்னா அஞ்சு சுற்று. பொழுது போயிடாதா?


உம்லாங்கா தம்பி | ஞாயிறு, இரவு 10.05

வணக்கம் அக்கா, வணக்கம் அண்ணா. நான் கோயம்புத்தூர்ல இருந்து வந்து மூணு வருஷம் ஆகுது. போன சீசன்தான் லீக்ல முதல் முறை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம்ம அணியில நான் ஸ்கோர் எழுதின செட்டெல்லாம் 40-40ல டியூஸ், ரெண்டு புள்ளி முன்னால போறவரைக்கும் அட்வான்டேஜ்னு ஆடினா நாற்பது நிமிஷத்துக்குக் குறையல. அஞ்சு சுற்றுக்கு மூணு மணி இருபது நிமிஷம், நடுவுல இடைவெளி சேர்த்தா மூணே முக்கால். மதியம் 1 மணிக்குத் தொடங்கினாலும் 4.45 ஆயிடும். ஜூன்ல டர்பன்ல 5 மணி தாண்டின உடனே சூரியன் இறங்கிடுது. ஒரு டை-பிரேக் நீண்டாலும் இருட்டுல பந்து தெரியாது. விளக்கு எல்லா கோர்ட்லயும் கிடையாது. லோட் ஷெட்டிங்னு முறை வெச்சு மின்சாரத்தை நிறுத்தின காலத்துல விளக்கு இருந்தும் பாதி ஆட்டத்துல நிறுத்தினதை அண்ணன்மார்கள் சொல்லியிருக்காங்க.

அதனால அட்வான்டேஜ் இல்லாத முறை வைக்கலாம். 40-40 வந்தா ஒரே புள்ளி, அதுல யார் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு கேம். சர்வதேச விதிப் புத்தகத்துலயே மாற்று முறைன்னு இதைக் கொடுத்திருக்காங்க. செட் அரை மணி நேரத்துல முடியும்.


டோங்காட் அண்ணன் | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, கணக்கு சரி. மனசு ஒத்துக்கல. 40-40 வந்த பிறகுதான் எனக்கு ஆட்டமே ஆரம்பிக்குது. ஒரு அட்வான்டேஜ் கையில வந்து, நழுவி, மறுபடி பிடிக்கிறதுல இருக்கிற சுகம் ஒரே புள்ளியில முடிச்சா வருமா? அது பூவா தலையா போட்ட மாதிரி ஆயிடும்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோடு | திங்கள், காலை 6.15

டோங்காட் அண்ணா, பூவா தலையா இல்லை. நான் நடுவர் பயிற்சி எடுத்தவள், அந்த ஒரு புள்ளி எப்படி ஆடப்படுகிறது என்று சொல்கிறேன்.

சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும், வலதா இடதா என்று ரிசீவ் செய்கிற ஜோடிதான் தேர்ந்தெடுக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்காக இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கூடாது. வலது பக்கம் நிற்பவர் வலதில்தான், இடது பக்கம் நிற்பவர் இடதில்தான். அதாவது ‘இந்த நேரத்தில் இவள் கையில் பந்து போகட்டும்’ என்று ஒரு ஜோடி தன் ஆளை நம்பித் தேர்ந்தெடுக்கிறது. கலப்பு இரட்டையரில் அந்தத் தேர்வும் கிடையாது. பெண் சர்வ் செய்தால் பெண்தான் ரிசீவ் செய்ய வேண்டும், ஆண் சர்வ் செய்தால் ஆண்.

போன சீசனில் என் பார்ட்னர் இரண்டு ஆட்டங்களில் தீர்மானப் புள்ளியை நான் எடுக்கட்டும் என்றார். என் பேக்ஹேண்டை யாரும் அதுவரை அப்படி நம்பியதில்லை. ஒன்றை வலையில் அடித்தேன், இன்னொன்றை இருவருக்கும் நடுவில் போட்டேன். இரண்டுமே எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.


டோங்காட் அண்ணன் | திங்கள், காலை 7.02

சரிம்மா. நீங்க சொன்னதைப் படிச்ச பிறகு எனக்கு எதிர்த்துப் பேச மனசு வரல. வையுங்க. கடைசி வாரம் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் பழையபடி அட்வான்டேஜ் கேட்டுக்கிறேன். அன்னிக்கு மூணு கோர்ட் இருக்கிற இடத்துல ஆடலாம், மூணே சுற்றுல முடிஞ்சிடும், நேரம் இடிக்காது.


சாட்ஸ்வொர்த் பேஸ்லைன் | திங்கள், மாலை 5.50

பிள்ளைகளே, வணக்கம். என் தமிழ் மாலைநேரப் பள்ளிக்கூடத்தில் தாத்தா கையைப் பிடித்துப் போய்ப் படித்தது. எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் திருத்துங்கள்.

வாக்கோவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு 1974 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது எனக்கு 19 வயது. நிறவெறி அரசு எங்கள் குடும்பத்தைக் காட்டோ மேனரிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நல்ல புல்தரை கோர்ட் எல்லாம் வெள்ளைக்காரர் கிளப்பில். நாங்கள் வேலி ஓரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். எங்கள் கோர்ட்டில் கோடுகளை நாங்களே சுண்ணாம்பால் போடுவோம். ஒரு மழை வந்தால் கோடு போய்விடும், திரும்பப் போட்டுவிட்டு ஆடுவோம்.

அந்த வருஷம் டேவிஸ் கோப்பை இறுதிக்குத் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் வந்தன. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருவரும் மெட்ராஸ்காரர்கள். ஆஸ்திரேலியாவைக் கல்கத்தாவில் ஜெயித்து, ரஷ்யாக்காரர்களையும் தாண்டி வந்த அணி. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிறவெறி ஆட்சியின் அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. தென்னாப்பிரிக்கா டேவிஸ் கோப்பை எடுத்தது அந்த ஒரு முறைதான், அதுவும் இறுதியில் ஒரு பந்துகூட அடிக்காமல். என் அப்பா அன்றைக்கு ரேடியோவை அணைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் நின்றார். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பெரியதை நமக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

முந்தின வருஷம் அமெரிக்காவின் கறுப்பின ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ் ஜோஹன்னஸ்பர்க் வந்து ஆடி, டாம் ஒக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் எடுத்தபோது எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வந்தது சரி என்றார் பாதிப் பேர், வந்திருக்கவே கூடாது என்றார் மீதிப் பேர். நிறவெறி விளையாட்டை எதிர்த்த சாகோஸ் அமைப்பு தொடங்கியதும் அதே 1973தான். இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்பது அவர்கள் முழக்கம். நான் அந்தப் பக்கம் நின்றவன். பல வருஷம் நல்ல போட்டி எதிலும் ஆடாமல் என் வயசு போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆடாமல் விடுவதற்கு அவ்வளவு பெரிய காரணம் இருந்த காலத்தைப் பார்த்தவன் நான். ஒருத்தன் கறி விருந்துக்குப் போய்விட்டான், இன்னொருத்தனுக்குத் தூக்கம் கலையவில்லை என்று வாக்கோவர் கொடுக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. 6-0 என்று எழுதாதீர்கள். வெறுமனே ‘ஆடவில்லை’ என்று எழுதுங்கள். செட்டை வேண்டுமானால் கொடுங்கள். ஆடாத ஆட்டத்துக்கு கேம் கணக்கு எதற்கு?


மெரிபேங்க் டீச்சர் | திங்கள், இரவு 8.10

ஐயா, ஒரு பிழையும் இல்லை. அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வராத ஜோடிக்கு எதிராக வந்தவர்களுக்கு செட் உண்டு, கேம் கணக்கில் சேராது. பட்டியலில் இரண்டு அணி சமமாக நின்றால் கேம் வித்தியாசம் பார்க்கிறோம் அல்லவா, அதில் ஆடிய செட்டுகள் மட்டுமே வரும். இல்லாவிட்டால் போன சீசன் போல, எதிரணி வராததால் ஒருவர் முன்னுக்குப் போய்விடுவார்.

ஐந்து பேர் மட்டும் வந்தால்? மீதி இருக்கும் அந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்ளூர் கிளப்பிலிருந்து யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு மூன்று செட்டும் ஆடட்டும். புள்ளி எதிரணிக்குப் போகும், ஆனால் ஆட்டம் நடக்கும்.

பாதியில் காயம்பட்டு விலகினால் அதுவரை எடுத்த கேம்கள் அவர்களுடையவை. 3-4ல் விலகினால் ஸ்கோர் 3-6. வேண்டுமென்றே விலகினாரா என்ற விசாரணையே வேண்டாம்.


ஜோபர்க்வாசி | திங்கள், இரவு 9.30

டர்பன்ல பத்து வருஷம் ஆடிட்டு இப்ப ஜோஹன்னஸ்பர்க் வந்துட்டேன், ஆனாலும் உங்க லீக்கை விடாமப் பின்தொடர்றேன். லீவுக்கு வந்தா பழைய அணிக்கு ஆட ஆசை. அதனால மாற்று ஆட்டக்காரர் விதி எனக்கு முக்கியம்.

போன சீசன் நீங்க பட்ட அவஸ்தை கேள்விப்பட்டேன். கடைசி வாரம் ஒரு அணி, அதுவரைக்கும் யாருமே பார்க்காத ஒரு பயிற்சியாளரைக் கொண்டு வந்து இறக்கினாங்களாம். அதுக்கு உலக டென்னிஸ் எண் இருக்கே? புதுசா ஆரம்பிக்கிறவருக்கு 40, உச்சத்துல இருக்கிறவருக்கு 1. ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தனித்தனியா வரும். ஒரு ஜோடியோட ரெண்டு எண்ணையும் கூட்டினா இதுக்குக் கீழே போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு வெச்சுடலாமே?

இன்னொண்ணு, பந்து. இங்க நாங்க கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்துல இருக்கோம். 1,219 மீட்டருக்கு மேல ஆடுறதுக்குன்னே தனிப் பந்து இருக்கு. போன தடவை நான் வந்தப்போ பையில கிடந்த அந்த டப்பாவை உடைச்சு உங்க கோர்ட்ல போட்டேன். பந்து எழும்பவே இல்ல. எல்லாரும் என் ராக்கெட்ல கோளாறுன்னு நினைச்சாங்க. என்ன பந்துன்னு விதியிலயே எழுதிடுங்க.


உம்லாங்கா தம்பி | திங்கள், இரவு 9.55

அந்த ஈரக் காத்துல சாதாரணப் பந்தே ரெண்டாவது செட்ல பஞ்சு ஊறின மாதிரி ஆயிடுது அண்ணா. உள்ளங்கையில வெச்சு அமுக்கினா ரோமமெல்லாம் எழும்பி நிக்கும். முதல் சுற்றுக்கும் நாலாவது சுற்றுக்கும் புது டப்பா வேணும்.


மெரிபேங்க் டீச்சர் | செவ்வாய், காலை 5.45

பந்து: உள்ளூர் அணி கோர்ட்டுக்கு ஒரு புது டப்பாவோடு தொடங்கும், நாலாவது சுற்றுக்கு இன்னொன்று. கடல் மட்டத்துக்கான சாதாரணப் பந்து. இதில் பேச வேறொன்றும் இல்லை.

எண் வரம்பு எனக்கு உடன்பாடில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அந்த எண்ணே கிடையாது. பதிவான ஆட்டங்கள் இருந்தால்தான் அது ஓரளவு சரியாக வரும். அறுபது வயதில் திரும்ப ஆட வந்த ஒருவரிடம் போய் முதலில் எண் வாங்கி வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குப் பதில், ஒவ்வொரு அணியும் சீசன் தொடங்குமுன் பத்துப் பேர் கொண்ட பட்டியல் கொடுக்கட்டும். கடைசி இரண்டு வாரமும் இறுதி ஆட்டமும் ஆட வேண்டுமானால் அதற்கு முன் மூன்று வாரமாவது ஆடியிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவரைச் சேர்க்க எதிரணி கேப்டன் சம்மதிக்க வேண்டும், அதுவும் மூன்றாவது ஜோடியில் மட்டும். ஜோபர்க் தம்பி, நீங்கள் லீவுக்கு வந்தால் யாரும் மறுக்கப் போவதில்லை.

ஜோடியை வாரா வாரம் மாற்றலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தாராளமாக. 2005ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை எடுத்த வெஸ்லி மூடி டர்பனில் பிறந்தவர். அவரும் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ஹஸ்ஸும் தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்து பட்டம் வென்றார்கள். அப்படி வென்ற முதல் ஜோடி அவர்கள்தான். யாரோடு யார் பொருந்துவார் என்று ஆடிப் பார்த்தால்தானே தெரியும்.


சாட்ஸ்வொர்த் மருமகள் | செவ்வாய், காலை 11.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம், ரொம்ப நாளா உறுத்துது. ஒரு செட்டுல 3-2ல நானும் பார்ட்னரும் தெரியாம பக்கம் மாறி நின்னுட்டோம். நான் எப்பவும் இடது பக்கம், அன்னிக்கு வலது பக்கம் நின்னு ரெண்டு புள்ளி ஆடிட்டோம். எதிர்ல இருந்தவங்க கண்டுபிடிச்சு, அந்த ரெண்டு புள்ளியும் எங்களுக்குன்னு சொன்னாங்க. நாங்களும் பயந்துபோய்க் கொடுத்துட்டோம். அது சரியா?

அப்புறம், சர்வ் நேரா வந்து வலைக்கிட்ட நிக்கிற என் பார்ட்னர் மேல பட்டா என்ன?


பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோடு | செவ்வாய், மதியம் 12.40

சரியில்லை தங்கச்சி. ஆடிய புள்ளி ஆடியதுதான், யாருக்கும் போகாது. ரிசீவ் செய்கிற இடம் மாறியது கேம் நடுவில் தெரிந்தால், அந்த கேம் முடியும்வரை மாறினபடியே நிற்க வேண்டும். அந்த செட்டில் அடுத்த முறை நீங்கள் ரிசீவ் செய்யும்போது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். புது செட் தொடங்கும்போது விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். நமக்கு ஒரே செட் என்பதால் முதல் ரிசீவில் எங்கே நின்றீர்களோ அதுதான் கடைசிவரை.

சர்வ் வரிசை வேறு. தவறான ஆள் சர்வ் செய்கிறார் என்று தெரிந்த அந்த நொடியே சரியான ஆள் வாங்கிப் போட வேண்டும், எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும். கேம் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால் மாறிய வரிசையே தொடரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை.

பந்து தரையில் படாமல் நேராக உங்கள் பார்ட்னர் மேல் பட்டால் புள்ளி சர்வ் செய்தவருக்கு. வெளியே போகிற சர்வாகவே இருந்தாலும் அப்படித்தான். ஆகவே அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும். சர்வ் செய்தவர் தன் பார்ட்னர் முதுகிலேயே அடித்தால் அது ஃபால்ட், தவறிய சர்வ்.


டோங்காட் அண்ணன் | செவ்வாய், மாலை 6.30

கோடு விஷயத்தையும் இப்பவே பேசிடுவோம். போன சீசன் மனஸ்தாபம் எல்லாம் அங்கேதான் ஆரம்பிச்சது. பேர் சொல்ல மாட்டேன், ரெண்டு பேர் ஒரே கோயில்ல பக்கத்துப் பக்கத்துல நின்னு கும்பிடுறவங்க. ஒரு ‘அவுட்’டுக்காகப் புரட்டாசி முழுக்கப் பேசிக்கல. வீட்டுப் பெண்கள்தான் ரெண்டு பக்கமும் பலகாரம் அனுப்பி சரி பண்ணினாங்க.

அந்தப் பந்தை நானும் பார்த்தேன். பேஸ்லைன்ல வெள்ளைப் பெயின்ட் உரிஞ்சு, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடுது. அது நடுவுல புல் முளைச்சிருக்கு. பந்து அந்த விரிசல் மேல விழுந்து சைடுல திரும்பிடுச்சு. உள்ள விழுந்ததா வெளிய விழுந்ததான்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஒருத்தர் அவுட்ங்கிறார், அவரோட பார்ட்னரே இல்ல, கோட்டுல பட்டுச்சுங்கிறார். அதுக்கு மேல பத்து நிமிஷம் வாக்குவாதம்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோடு | செவ்வாய், இரவு 7.15

அதற்கான விதியை இப்படி எழுதிக்கொள்வோம். உங்கள் பக்கம் விழுகிற பந்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. அவுட் என்றால் பந்து விழுந்த உடனே எதிரில் கேட்கும்படி சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பந்து உள்ளே. பார்ட்னர்கள் இருவர் சொல்வதும் வேறுபட்டால் அப்போதும் உள்ளே, புள்ளி எதிரணிக்கு. விழுந்த இடத்துக்குப் போய்த் தடம் தேடுவது களிமண் கோர்ட்டுக்குச் சரி, நம் சிமென்ட் தரையில் அந்தத் தடம் எந்தப் பந்துடையது என்று யாருக்குத் தெரியும்?

அவுட் என்று கத்திவிட்டுப் பிறகு இல்லை என்று உணர்ந்தால், முதல் முறை அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம். ஆனால் எதிரணியின் பந்து எடுக்கவே முடியாத அடியாக இருந்தால் புள்ளி அவர்களுக்கு. அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை அப்படி நடந்தாலும் புள்ளி அவர்களுக்குத்தான்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. கேப்டன், கணவர், மாமியார் யாராக இருந்தாலும். வெளியிலிருந்து வருகிற ஒரு குரல்தான் சின்ன விஷயத்தைக் குடும்பச் சண்டையாக்குகிறது. இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.


சாட்ஸ்வொர்த் பேஸ்லைன் | செவ்வாய், இரவு 7.50

பார்ட்னரின் அவுட்டை மாற்றிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அன்றைக்கு அப்படிச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு யாராவது கை கொடுத்தீர்களா?


டோங்காட் அண்ணன் | செவ்வாய், இரவு 8.05

இல்ல ஐயா. கொடுத்திருக்கணும். நாளைக்கே போன் பண்றேன்.


சாட்ஸ்வொர்த் மருமகள் | புதன், காலை 10.10

சீசன் எப்ப? தைப்பூசக் காவடி விரத நாள்ல வெச்சுடாதீங்க. எங்க வீட்டுல நாலு பேர் காவடி எடுக்கிறாங்க. புரட்டாசி சனிக்கிழமையும் முடியாது. சாயங்காலம் பூஜை, அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடாம வெயில்ல ஆடினா மயக்கம் வந்துடும்.


மெரிபேங்க் டீச்சர் | புதன், இரவு 8.30

காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புனித வெள்ளி அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு நம்மில் பெரும்பாலோர் போவோம். அது ஏப்ரல் கடைசிக்குள் முடிந்துவிடும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது, ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், சனிக்கிழமையே அதற்கான வேலை தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பதினோரு பன்னிரண்டு சனிக்கிழமை கிடைக்கிறது. ஆறு அணி, உள்ளூரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை என்றால் சரியாகப் பத்து வாரம். மழை குறைந்த மாதங்களும் அவைதான். டர்பனில் கோடையில் ஆட வைத்தால் பாதி வாரம் கோர்ட்டில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருப்போம்.

ஜூனில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடுகிற காம்ரேட்ஸ் மாரத்தான் வார இறுதியை விட்டுவிடுவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்களால் வர முடியாது, நம்மிலும் இரண்டு பேர் ஓடுகிறார்கள். ரம்ஜான் நோன்பு இந்த மாதங்களில் விழுகிற வருஷம் வந்தால் அப்போது தேதியை மாற்றுவோம். நம் அணிகளில் முஸ்லிம் சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்வைக்காக இந்த விதிகளை ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

காலையில் எனக்குத் தமிழ் வகுப்பு, ஆகவே 1 மணி. பத்து நிமிஷம் தாமதமானால் ஒரு கேம் போகும், இருபது நிமிஷத்துக்கு மூன்று கேம், அரை மணிக்கு செட்டே போகும். பக்கம் மாறும்போது 90 விநாடி. முதல் கேமுக்குப் பிறகு உட்காரக் கூடாது, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

டீயும் பலகாரமும் உள்ளூர் அணி பொறுப்பு. சமூசா, பஜியா, வாழைப்பழம் போதும். பிரியாணி அண்டா வைத்து ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்க வேண்டாம், அந்தச் செலவுக்குப் பயந்து ஒரு அணி விலகவே பார்த்தது. சைவம் கட்டாயம் இருக்க வேண்டும்.

வேறு யாருக்காவது ஏதாவது உண்டா? இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எழுதி எல்லா கேப்டனுக்கும் அனுப்பிவிடுகிறேன்.


நைட் டியூட்டி | வியாழன், காலை 9.15

வணக்கம் டீச்சர். அண்ணன் இந்தப் பேச்சைக் காட்டினார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான். இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன்.

அன்னிக்கு நீங்க ஸ்கோர் எழுதும்போது பேனாவை ரெண்டு தடவை கீழே வெச்சதை நான் பார்த்தேன். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். ரெண்டு கோர்ட், அஞ்சு சுற்றுன்னா ஒரு ஜோடி முதல் சுற்றுல வெளியே உட்காரணும் இல்லையா? வழக்கமா அது மூணாவது ஜோடியாத்தான் இருக்கும். எனக்கு வெள்ளிக்கிழமை இரவு டியூட்டி மாறாது. சனிக்கிழமை 1 மணிக்கு உடம்புல கொஞ்சம் தெம்பு இருக்கும், 3 மணிக்கு மேல கண்ணு சொருகும். மூணாவது ஜோடியை முதல் சுற்றுலயே இறக்கினா எனக்கு நல்லா ஆட முடியும். முடியுமா?


மெரிபேங்க் டீச்சர் | வியாழன், காலை 9.40

முடியும் அம்மா. எல்லா அணிக்கும் அப்படியே எழுதிவிட்டேன்: முதல் சுற்றில் முதல் கோர்ட்டில் இரு பக்கத்து மூன்றாவது ஜோடிகளும், இரண்டாவது கோர்ட்டில் இரண்டாவது ஜோடிகளும். முதல் ஜோடிகள் காத்திருக்கும். உன் மூன்று செட்டும் முதல் மூன்று சுற்றுக்குள் முடிகிற மாதிரி வரிசையும் போட்டாயிற்று. அதன் பிறகு வண்டியில் போய்ப் படுத்துக்கொள், டீக்கு எழுப்புகிறோம்.

முதல் வாரம் எங்கள் கோர்ட்டில் உங்கள் அணிதான். எங்கள் மூன்றாவது ஜோடியில் நான் இருக்கிறேன். ஆறு பேரும் இருப்போம்.